வேலியில் சாய்த்த சைக்கிள்

அக்கா,

இன்று மத்தியானம் திரும்பிய பிறகு வீட்டில் மண்ணெண்ணெய் மணந்தது. என் மனைவி பாக்கியம் அறைக்குள் இருந்து தையல் மெசினின் அழுக்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த மணம் மூக்கில் ஏறினால் எனக்கு இடம் மாறிவிடும். உரும்பிராய் அச்சகம், ஓட்டுக்குக் கீழே புழுக்கம். நான் மிதி இயந்திரத்தின் உருளைகளை மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கிறேன். நீங்கள் ஜன்னலோரம் இருந்து வாசிக்கிறீர்கள்.

ஆனால் இன்றைக்கு அந்த மணம் வந்த நேரம் சரியில்லை. உங்கள் பெறாமகள் துளசி, தங்கச்சியின் மகள், எனக்கு எதிரே லப்ரொப் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். மாலை ஐந்தரைக்குள் அவளுடைய கட்டுரை போய்ச் சேர வேண்டும்.

நீங்கள் போனபோது அவளுக்குப் பால்பல் விழவில்லை. இப்போது கம்பசில் படிப்பிக்கிறாள். நீங்கள் நடத்திய பெண்கள் மாதச் சஞ்சிகையைப் பற்றி எழுதியிருக்கிறாள். பத்திரிகையிலும் வானொலியிலும் பெண்கள் எப்படி வந்தார்கள், எப்படி வராமல் போனார்கள் என்பதை மட்டும் ஆராய்கிற ஓர் ஆய்விதழ் வெளிநாட்டில் இருக்கிறதாம். அதற்கு ஒருமுறை அனுப்பி, திருத்தச் சொல்லித் திரும்பி வந்துவிட்டது. சஞ்சிகை எப்படி நின்றது, எழுதப் படிக்கத் தெரியாத பெண்களின் குரல் அதில் எங்கே என்று கேட்டிருந்தார்களாம். திருத்தி அனுப்பக் கொடுத்த கடைசி நாள் இன்று.

"ஆர் பிள்ளை கேட்டது?" என்றேன்.

"தெரியாது ஐயா. அவைக்கும் என்னை ஆரெண்டு தெரியாது. அதுக்குத்தான் என்ரை பேரைத் தேடித்தேடி அழிச்சுக்கொண்டிருக்கிறன்."

"எழுதினவளே தன்ரை பேரை அழிக்கிறதோ?"

"பேரைப் பாத்துத் தீர்ப்புச் சொல்லாமல் இருக்கத்தான்."

நீங்கள் இருந்தால் இதைக் கேட்டுச் சிரித்திருப்பீர்கள். உங்கள் சஞ்சிகையிலும் பாதிப் பேருக்குப் பெயர் இல்லை. காரணம்தான் வேறு.

அவள் என்னிடம் வந்தது, அச்சகத்து ஆட்களில் நான் மட்டும்தான் மிச்சம் என்பதால். முதல்நாள் வந்தபோது, எழுத்தறியாத கிழவனிடம் என்ன கிடைக்கும் என்ற யோசனை அவள் முகத்தில் இருந்தது. நான் உங்கள் இரண்டாம் இதழின் முதற்பக்கத்தைச் சொல்லத் தொடங்கினேன். "மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்பவள் கமா வரிசையைப் பற்றி எழுதுவதில்லை புள்ளி புதுப் பந்தி." அவள் தன்னிடம் இருந்த பழைய பிரதியை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒரு கமாவும் பிசகவில்லை.

"கமாவையும் சொல்லுறியளே ஐயா!" என்றாள்.

வேறு எப்படிச் சொல்வது? நீங்கள் கையெழுத்துப் பிரதியைக் குறியீடுகளோடு உரத்து வாசிப்பீர்கள். அச்சுக்கோக்கிற பெண் அடித்த தாளில் பார்த்துப் பிழை குறிப்பாள். மூன்றாவதாக ஒரு காது அந்த அறையில் இருந்தது. எனக்கு எழுத்துத் தமிழ் கண்ணால் வரவில்லை, உங்கள் வாயால் வந்தது. இந்த மடலையும் அப்படித்தான் சொல்கிறேன். துளசி எழுதுகிறாள்.

இனி, அவள் இன்று வாசித்துக் காட்டிய இடத்துக்கு வருகிறேன். கட்டுரை ஆங்கிலத்தில். நான் சொன்னவை வருகிற இடங்களை மட்டும் தமிழில் சொல்லிச் சரிபார்த்தாள்.

"'கடைசி இதழ் வெளிவரவில்லை. கோத்து முடித்த பக்கங்கள் அச்சகத்தில் செல் குண்டு விழுந்ததில் அழிந்தன.' இது நீங்கள் சொன்னது. சரிதானே ஐயா?"

சொன்னது நான்தான். இரண்டு வருடத்துக்கு முந்தி, அவள் முதல்தரம் கேட்டபோது சொன்னேன். செல் விழுந்தது உண்மை. அது விழுந்தபோது அந்தப் பக்கங்களில் ஒன்று அங்கே இல்லை என்பதும் உண்மை.

உள்ளே பாக்கியம் துடைத்து முடித்து மெசினை மிதிக்கத் தொடங்கியிருந்தாள். கடகடவென்ற சத்தம்.

"பிள்ளை, அது பிழை," என்றேன்.

"எது? மாதமோ?"

"செல்."

அவள் கை அப்படியே நின்றது. "என்ன ஐயா சொல்லுறியள்? இந்த ஒரு வசனத்திலைதான் அந்தப் பகுதி முழுக்க நிக்குது. இண்டைக்கு அனுப்பவேணும்."

"தெரியும். அதுதான் இப்ப சொல்லுறன்."

அக்கா, உங்களிடம் சொல்லாததை உங்கள் பெறாமகளிடம் சொன்னேன். உங்களுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் வாசித்தது ஒரு வாசகி கடிதம். பெயரில்லை. எழுதத் தெரியாத ஒருத்தி சொல்லச்சொல்ல நீங்களே எழுதியது. நான் உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முதல் வசனத்தில் காது கொடுக்கவில்லை. இரண்டாவதில் என் கைத்துணி நின்றுவிட்டது. வேறு யாருக்கும் தெரியாத ஒன்றை அந்தக் கடிதம் தெரிந்து வைத்திருந்தது. கோபத்தோடு வீட்டுக்குப் போகிற நாட்களில் நான் சைக்கிளை ஸ்ராண்டில் விடமாட்டேன். வேலியில் சாய்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன். எனக்கே அன்றுதான் தெரிந்தது.

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வழமையைவிடக் கொஞ்சம் உரத்து வாசித்தீர்கள் என்று எனக்குப் பட்டது. இன்றைக்கும் படுகிறது.

அடுத்தநாள் அந்தப் பக்கத்தை இரும்புச் சட்டத்தில் பூட்டி என் கையில் தந்தார்கள், இயந்திரத்தில் ஏற்றச் சொல்லி. இருபது வருடம் அப்படிச் சட்டம் தூக்கியவன் நான். பூட்டைத் தளர்த்தி, சீமெந்துத் தரையில் போட்டேன். ஈய எழுத்துகள் அரிசி கொட்டியதுபோலச் சிதறின. அச்சுக்கோத்த பெண் அழுதுவிட்டாள். நீங்கள் சீலையை ஒதுக்கிக்கொண்டு நிலத்தில் இருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினீர்கள்.

"கை வழுக்கினதோ தம்பி?"

"ஓம் அக்கா."

"உம்மடை கை வழுக்கிறது இதுதான் முதல்தரமோ?"

நானும் குனிந்து எழுத்துப் பொறுக்கினேன். நீங்கள், "பரவாயில்லை, திரும்பக் கோப்பம்," என்றீர்கள். மேசையில் கையெழுத்துத் தாளைத் தேடினீர்கள். அது இல்லை. நான் அதை எண்ணெய்க் கடதாசிகளோடு சேர்த்துக் கொல்லைப்புறத்தில் கொளுத்திவிட்டிருந்தேன். நீங்கள் மறுபடி போய் அவளிடம் கேட்டு எழுதியிருப்பீர்கள். உங்களுக்கு ஒரு கிழமை கிடைத்திருந்தால் போதும். ஆனால் ஊரே எழும்பிப் போகவேண்டி வந்தது. நாங்கள் தென்மராட்சிப் பக்கம் போனோம். நீங்கள் அதற்கும் அப்பால் போனீர்கள். அடுத்த மாரிக்குக் காய்ச்சலில் போய்விட்டீர்கள் என்று செய்தி மட்டும் வந்தது.

அதற்குப் பிறகு நான் கை ஓங்கவில்லை என்று சொல்ல ஆசை. இடம்பெயர்ந்து இருந்த கொட்டிலில் இரண்டு தரம் அடித்தேன். பிறகு இல்லை. சைக்கிளை ஒவ்வொரு நாளும் ஸ்ராண்டில் விட்டேன். அதைப் பெரிய திருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

துளசி கேட்ட கேள்வி உங்கள் கேள்வி போலவே இருந்தது.

"அந்தக் கடிதம் உங்களுக்கு ஞாபகமிருக்கோ?"

"கமாவோடை இருக்கு."

"சொன்னால் எழுதுவன். ஆனால் போடேலாது. அந்த அம்மாவிட்டைக் கேக்காமல் ஒரு வரியும் போடேலாது. அவ உயிரோடை இருக்கிறாவோ, எங்கை இருக்கிறாவோ... ரெண்டு மணித்தியாலத்துக்குள்ளை நான் ஆரைத் தேடுறது?"

"தூரம் போகத் தேவையில்லை பிள்ளை," என்றேன். கண்ணால் அறையைக் காட்டினேன்.

அவளுக்கு விளங்கியது. லப்ரொப்பை மூடப் பார்த்தாள். "வேண்டாம் ஐயா. 'எப்படி அழிந்தது என்று தெளிவில்லை' எண்டு போட்டு அனுப்பிறன். அது பொய்யில்லைத்தானே."

"எனக்குத் தெளிவாத் தெரியும். எழுது."

சொல்லத் தொடங்கினேன். மெல்லிய குரலில் சொல்லத்தான் நினைத்தேன். உங்கள் வாயால் கேட்டதை எனக்கு மெல்லச் சொல்ல வரவில்லை.

"அடி விழப்போகும் நாளை நான் முன்கூட்டியே அறிவேன் புள்ளி. அன்று அவர் சைக்கிளை நிறுத்தி வைக்கமாட்டார் கமா வேலியில் சாய்த்துவிட்டு வருவார் புள்ளி. அந்தச் சத்தம் கேட்டதும் அடுப்பு நெருப்பை நூர்த்துவிடுவேன் கமா சூடான எதுவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கக்கூடாது புள்ளி புதுப் பந்தி."

உள்ளே மெசின் நின்றுவிட்டது.

நானும் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் இனி ஒருநாளும் தொடங்கமாட்டேன் என்று தெரிந்தது.

"ஏன் பொறுத்திருக்கிறாய் என்று என்னிடம் கேட்கிறார்கள் புள்ளி. ஏன் அடிக்கிறாய் என்று அவரிடம் ஒருவரும் ஏன் கேட்பதில்லை கேள்விக்குறி. நான் பெயர் போடாமல் எழுதுவிக்கிறேன் புள்ளி. எனக்குப் பெயர் இல்லாமல் இல்லை புள்ளி. முடிந்தது."

பாக்கியம் வாசலில் நின்றாள். எண்ணெய்த் துணி கையில். எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. முப்பது வருடமாக நான் பயந்துகொண்டிருந்த நிமிடம் இதுதான். அவள் என்னைக் கேட்பாள் என்று இருந்தேன். உங்களுக்கு எப்படித் தெரியும், எப்போதிருந்து தெரியும் என்று. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. துளசியைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒரு வரி விட்டுட்டார்."

"இல்லை," என்றேன். வாய் முந்திவிட்டது. "நான் ஒரு கமாவும் விடேல்லை."

"விட்டுட்டியள். அடுப்புக்குப் பிறகு வரும். 'என்ரை பிள்ளை சுவரைப் பாத்துக்கொண்டு நூறு மட்டும் எண்ணுவாள். எண்ணி முடிய எல்லாம் முடிஞ்சிடும் எண்டு நான்தான் சொல்லிக் குடுத்தனான்.' உது எங்கை?"

துளசியின் கை எழுதவில்லை.

அக்கா, அந்த வரியை நீங்கள் வாசித்திருப்பீர்கள். நீங்கள் எழுதியதில் ஒன்றை விட்டு வாசிக்கிற ஆள் இல்லை. அடுப்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது. புதுப் பந்தி ஞாபகம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருந்த என் மகள் இல்லை. இத்தனை வருடமாக நான் மனதுக்குள் ஓட்டிப்பார்த்த கடிதத்தில் அவள் ஒருநாளும் வரவில்லை. இப்போது கனடாவில் இருக்கிறாள். தாயோடு மணிக்கணக்காகக் கதைப்பாள். போன் என்னிடம் வந்தால், "சுகமோ அப்பா, மருந்து எடுக்கிறியளோ, சரி வைக்கிறன்." வேலைக்களைப்பு என்று நினைத்திருந்தேன்.

"எழுது பிள்ளை," என்றாள் பாக்கியம். "நேரம் போகுது."

"அம்மா, உங்கடை சம்மதம் வேணும். கையெழுத்தும் வேணும். வேண்டாமெண்டால் வேண்டாம், நான் ஒண்டும் நினைக்கமாட்டன். கட்டுரை போகாட்டிலும் பரவாயில்லை."

"உன்ரை பெரியம்மாவுக்கு நான் ரெண்டு பின்னேரம் இருந்து சொன்னனான். அது புத்தகத்திலை வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். இடம்பெயர்ந்ததாலை வரேல்லையாக்கும் எண்டு இருந்திட்டன்." நான் முதலில் துளசிக்குச் சொன்னதும் மெசின் சத்தத்தை மீறி அவள் காதில் விழுந்திருக்கிறது. அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். "கொளுத்தினனீங்களோ?"

"ஓம்."

"அக்கா வாசிச்சதைக் கேட்டிட்டுக் கொளுத்தினனீங்களோ?"

"ஓம்."

அவள் துணியைக் கதவுக் கொளுவியில் போட்டாள். வந்து கதிரையில் இருந்தாள். "முழுக்க ஒருக்கால் வாசிச்சுக் காட்டு பிள்ளை. பிறகு கையெழுத்து வைக்கிறன், என்ரை பேர் மட்டும் எழுதத் தெரியும்."

துளசி வாசித்தாள். கமா சொல்லாமல் வாசித்தாள். அதனாலோ என்னவோ, எனக்கு அது முதல்தரம் கேட்பதுபோல இருந்தது.

"பேர் என்ன செய்யிறது அம்மா? மாத்திப் போடட்டோ? ஐயாவின்ரை பேரை..."

"ஒருதற்றை பேரும் வேண்டாம். சைக்கிளைப் போடு, காணும். விளங்கிறவைக்கு விளங்கும்."

பிறகு துளசி இவ்வளவு வேகமாக எழுதி நான் கண்டதில்லை. செல் வசனத்தை அழித்தாள். அது போன இடத்தில் புதுப் பகுதி ஒன்று வளர்ந்தது. சொற்கள் கூடிவிட்டன என்று, தான் ஆசையாக எழுதிய இரண்டு பந்திகளை வெட்டினாள். பாக்கியம் தேத்தண்ணி வைத்து அவளுக்கும் எனக்கும் கொண்டுவந்தாள். என்னுடையதை எனக்குக் கைநீட்டித் தரவில்லை, மேசையில் வைத்தாள். ஐந்து மணிக்குப் பிறகு ஒருவரும் கதைக்கவில்லை. ஐந்தே காலுக்குத் துளசி, "போகுது," என்றாள். ஒரு கோடு மெல்ல நிரம்பிக்கொண்டு போனது. நிரம்பி நின்றது. "போட்டுது," என்றாள். சிரிக்கவில்லை. பாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

எடுப்பார்களோ, மறுபடி திருப்புவார்களோ, தெரியாது. மாதக்கணக்காகுமாம்.

பாக்கியம் மறுபடி மெசினில் இருக்கிறாள். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சத்தம் கேட்கிறது. இனி என்ன என்று நான் அவளைக் கேட்கவில்லை. கேட்கிற முறை என்னுடையதல்ல.

உங்களிடமிருந்து நான் கொண்டுவந்தது அந்தக் கடிதம் ஒன்றுதான். திருடிக் கொண்டுவந்தது, அதுவும் குறையாக. இன்றுதான் முழுதாக என்னிடம் இருக்கிறது. துளசி கட்டுரையை அனுப்பிவிட்டு முகம் கழுவப் போன நேரத்தில் நான் எழும்பிப் போய், அறைச் சுவரைப் பார்த்து நின்று எண்ணினேன். எழுத்துத்தான் தெரியாது, எண்ணத் தெரியும். அவசரப்படாமல், ஒரு சின்னப்பிள்ளை எண்ணுகிற வேகத்தில் எண்ணினேன். எழுபதில் இன்னும் முடியவில்லையே என்று இருந்தது.

நூறு வரைக்கும் எண்ண நெடுநேரம் எடுக்கிறது அக்கா.