கன்னத்துக்குக் கலந்த நிறம்

ஸ்டாக்ஹோம், மார்ச் 9, 1752

அன்புள்ள யோரான்,

உங்கள் முதுகுவலி குறைந்ததா? நம் மகள் ஸ்டீனாவுக்கு இருமல் நின்றதா? நான் நலம். நிஜமாகவே நலம்.

நான் வரையும் இளவரசியின் திருமணப் படம் பாதியில் நிற்கிறது. முதல் நாள் அவர் கன்னத்துக்குக் கலந்த நிறம் மறுநாள் ஒத்துவரவில்லை. சிவப்பு கூட்டினேன். மூன்றாம் நாளும் போதவில்லை. நிறம் சேரவில்லை என்று சொன்னதும் இளவரசியின் தோழி சீமாட்டி ஊல்லா சிரித்தாள்.

"கல்யாணப் பொண்ணு சிவக்காம நீயா சிவப்பே? பேசாம நேத்து கலந்ததையே பூசிட்டுப் போ, வண்ணக்காரி!"

அது வெட்கமில்லை, காய்ச்சல். மறுநாள் முகப்பூச்சைக் கழுவியதும் கொப்புளங்கள் தெரிந்தன. பெரியம்மை. மூன்று நாளும் என் கையாலேயே அவர் முகவாயைத் தொட்டுத் திருப்பி உட்காரவைத்தேன். எனக்கு இதுவரை அம்மை வந்ததில்லை, உங்களுக்குத் தெரியும். ஸ்டீனாவுக்கும் வந்ததில்லை.

வைத்தியர் இரண்டு வாரம் யாரையும் பார்க்கக் கூடாது என்கிறார். அதனால் சனிக்கிழமை வீட்டுக்கு வரமாட்டேன். கவலை வேண்டாம். தினமும் கண்ணாடி முன் நின்று என் கன்னத்துக்கு நிறம் கலந்து பார்க்கிறேன். நேற்றுவரை ஒத்துவந்தது. இன்று காலை ஒரு துளி சிவப்பு கூடுதலாகத் தேவைப்பட்டது. அடுப்பருகே உட்கார்ந்திருந்தேன், அதனால்தான் இருக்கும்.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். அதோடு ஸ்டீனாவின் சட்டை ஒன்று, துவைக்காதது.

படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிட்டு, கையை வினிகரில் கழுவுங்கள். வழக்கமாகக் கடிதத்தின் மூலையில் ஸ்டீனாவுக்காக வரையும் பூனையை இந்த முறை வரையவில்லை. வரைந்தால் அவள் வாங்கி முத்தமிடுவாள். கேட்டால், அம்மா மறந்துவிட்டாள் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள்,
மால்வினா