குணா எழுதாமல் விட்ட செவ்வாய்க்கிழமைகள்

அருமை மாப்பிள்ளை குணாவுக்கு,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. நலமா என்று கேட்டுத் தொடங்க முடியாது; எங்கள் நலத்தையாவது சொல்கிறேன். செல்வி சாப்பிடுகிறாள், வேலைக்குப் போகிறாள். என் தங்கை என்பதால் சொல்லவில்லை, என்னைவிடத் திடமாக இருக்கிறாள். எனக்குத்தான் அலுப்பு. பெர்மாஸ் ஜெயா வீட்டிலிருந்து பொந்தியான் படகுத் துறைக்கு வண்டியை எடுக்கவே கை வரமாட்டேன் என்கிறது.

நம் சுறாக் கணக்கை மறந்திருக்க மாட்டாய். கடலுக்குள் இறங்கி எண்ண முடியாது என்பதால், படகுத் துறையில் வந்து இறங்குவதை எண்ணினோம். எனக்குச் சனிக்கிழமை, உனக்குச் செவ்வாய்க்கிழமை. எத்தனை போட் வந்தது, எத்தனை சுறா, ஆணா பெண்ணா, மூக்கிலிருந்து வால்வரை எவ்வளவு நீளம். பெரிய பெண் சுறாக்கள் கண்ணில் பட்டால் அடுத்த தலைமுறைக்குத் தாய் இருக்கிறது. சின்னதாகவே வந்தால் கவலைப்பட வேண்டும். செனாய்த் தொழிற்சாலையில் பொருள்களின் தரம் பார்த்து ஓய்வுபெற்ற எனக்கும், போட் இன்ஜினைப் பிரித்து மாட்டும் உனக்கும் ஆய்வுக்குழுத் தலைவி நோரா சொல்லித் தந்தது இவ்வளவுதான். கையில் டேப்பைப் பிடித்ததும் நீ பெண் பார்க்க வந்தவன் மாதிரி பணிவாகிவிடுவாய். எத்தனை கேலி செய்திருப்பேன்!

போன வாரம் செல்வி ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே உன் பாக்கெட் நோட்டிலிருந்து கிழித்த தாள்கள். எல்லாம் செவ்வாய்க்கிழமைகள். "மழை. மூணு போட். எட்டு மணி வரைக்கும் நின்னேன்." அதற்குக் கீழே சுறா என்று எழுதி, எதிரே ஒன்றும் இல்லை. அந்தத் தேதிகளில் ஒன்றுக்குக்கூட நீ படிவம் கொடுக்கவில்லை.

படிவம் வராத நாளை, ஆள் போகாத நாள் என்று நோரா கணக்கிலிருந்து எடுத்துவிடுவார். சுறா வந்த நாட்களை மட்டும் வைத்துச் சராசரி போட்டால் கடல் செழிப்பாகத்தானே தெரியும்? நம் கரையோரச் சுறாக்கள் முன்போலவே இருக்கின்றன என்று அறிக்கையும் தயாராகிவிட்டது. ஆற்று முகத்துவாரத்தில் அவை குட்டி போடும் காலத்தில் வலையை நிறுத்துவதா வேண்டாமா என்பதை அதை வைத்துத்தான் மீன்வளத் துறையில் முடிவு செய்வார்களாம். இந்த வாரமே அனுப்புவதாக இருந்தது.

உன்மேல் கோபம் வந்தது மாப்பிள்ளை. அப்புறம் என்மேலேயே வந்தது. ஒருநாள் தே தாரிக் கடையில் நான் கேட்டேனே.

"சுறா வரலன்னா கொசோங், பூஜ்யம்னு போட்டுட்டு வர வேண்டியதுதானே?"

"அலமாக், என்ன மச்சான் நீங்க! அரிசி தீந்துட்டாகூட செல்வி நிறைஞ்சிருக்குன்னுதான் சொல்வா. செவ்வாக்கிழமையும் அதுவுமா, கடல்ல ஒண்ணுமில்லன்னு எழுதிக் கையெழுத்து வேற போடணுமா?"

நான் சிரித்துவிட்டு டீயைக் குடித்தேன். விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். காலமெல்லாம் பிறர் வேலையில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன், உன்னை மட்டும் ஏன் இன்னொரு முறை கேட்காமல் விட்டேன்? உன் படிவம் வராத வாரங்களில், உன் புருஷன் சோம்பேறி என்றுகூடச் செல்வியிடம் சொல்லியிருக்கிறேன். அந்த வாரங்களில் நீ மழையில் நின்றிருக்கிறாய்.

செல்வியிடம் விஷயத்தைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது.

"அறிக்கையில அவரு பேரு வரும்னு நோரா சொன்னாங்கண்ணே. இப்பப் போயி தப்பு பண்ணிட்டாருன்னு சொல்லப் போறீங்களா? செத்தவரு பேர கெடுக்காதீங்க."

நான் டின்னை மூடிவிட்டேன். இரண்டு நாள் அது காரிலேயே கிடந்தது. எனக்கும் வாய்விட்டுச் சொல்லத் தெம்பில்லை. அப்புறம் அவளே கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்த நாளெல்லாம் அவரு துறைக்குப் போனாருல்ல?"

"போயிருக்காரும்மா."

"எழுதலன்னா போகாத மாதிரிதானே இருக்கு? போனாருன்னு எழுதுங்க. மீனு வராதது அவரு குத்தமா?"

எனக்கு இது தோன்றவே இல்லை பார்!

நோராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. அறிக்கையை நிறுத்திவைப்பதாகச் சொன்னார். உன் செல்வியின் சமையலறை மேசையில் மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொரு தாளுக்கும் படிவம் நிரப்பினேன். தேதி. மழை. போட். சுறா: பூஜ்யம். எழுத எழுதக் கை வலித்தது, மனசும்தான். வர வர பூஜ்யங்கள் நெருங்கிக்கொண்டே வந்தன. பெரிய பெண் சுறாவை நீ கடைசியாக அளந்தது எப்போது என்று தேடினேன். வெகுதூரம் பின்னால் போக வேண்டியிருந்தது. உனக்கு இது முன்பே தெரியும், இல்லையா? அதனால்தான் எழுதவில்லையா?

எல்லாம் முடிந்தபின் இந்த மூன்று மாதச் செவ்வாய்க்கிழமைகள் மிச்சம் இருந்தன. அவற்றுக்கு நான் படிவமே எடுக்கவில்லை. துறையில் யாராவது உன்னைக் கேட்டால் "அவன் லீவுலா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். உன்னைக் குறை சொன்ன நானும் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். நேற்று அவற்றையும் எடுத்தேன். இதில் பூஜ்யம் போடக் கூடாது; யாரும் போய்ப் பார்க்கவில்லை. 'போகாத காரணம்' என்ற கட்டத்தில், ஒவ்வொரு தாளிலும், கணக்கெடுப்பவர் இறந்துவிட்டார் என்று எழுதினேன். செல்வி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசித் தாளில் அவளே எழுதினாள்.

வருகிற செவ்வாயிலிருந்து உன் முறைக்கும் நான்தான் போகப் போகிறேன். சுறா வந்தால் வந்தது என்று எழுதுவேன், வராவிட்டால் வரவில்லை என்று எழுதுவேன். எட்டு மணி வரை நிற்பேன், மழை பெய்தாலும்.

உன்னைச் சோம்பேறி என்று சொன்ன,
உன் மச்சான் தேவராஜன்