மாப்பிள்ளைக்குக் காரமில்லாத சட்னி

உப்பளத்திலிருந்து வந்த கண்ணாயிரம், மனைவி மலர்கொடி வேலைக்குப் போகும்முன் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார்.

"செந்தமிழும் அவ வூட்டுக்காரரும் மத்தியானம் சாப்பிட வர்றாங்க. வஞ்சிரம் காரமில்லாம மசாலா தடவி வெச்சிருக்கேன், அவங்க வந்தப்புறம் வறுங்க. தொட்டுக்க, குயிலாப்பாளையம் கெஸ்ட் ஹவுஸ்ல நான் செய்யற தயிர்ச் சட்னி. துணியில வடிச்ச தயிர் உள்ள இருக்குது. கொத்தமல்லி, புதினா பொடியா அரிஞ்சு, ஒரு பல் பூண்டு நசுக்கி, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, உப்பு போட்டுக் கலக்கி, ஜில்லுனு ஆக ஃப்ரிட்ஜ்லயே வெச்சிடுங்க. மிளகா வேணாம், அவருக்கு வயித்துப் புண்ணு.

'அவன் வந்தா வாசப்படி ஏத்த மாட்டேன்'னு ராத்திரி சொன்னீங்க. அவ இஷ்டத்துக்குக் கட்டிக்கிட்டானு கல்யாணத்துக்கும் என்னைப் போக விடலை. இன்னிக்கும் துரத்தினா, வேலை முடிஞ்சு நான் எங்க அண்ணன் வூட்டுக்குப் போயிடுவேன்."

கீழே, ஓரத்தில் நெருக்கி: "புதினாவைக் கழுவிட்டு அரிங்க."

அவர் சீட்டைக் கசக்கி எறிந்துவிட்டு வாசல் வரை போனார். பிறகு திரும்பி வந்து புதினாவைக் கழுவினார்.

பைக் வந்து நின்றபோது சட்னி தயாராக இருந்தது. மகள் செந்தமிழ் உள்ளே ஓடிவந்தாள். அவள் புருஷன் படிக்கு வெளியிலேயே நின்றான். கண்ணாயிரம் கிண்ணத்தோடு வாசலுக்குப் போனார். அவன் முகத்தைப் பார்க்காமலே ஸ்பூனை நீட்டினார்.

"உப்பு சரியா இருக்குதான்னு பாருங்க, மாப்பிள்ளை."