நூற்றெண்பத்து நாலு சாப்பாட்டுச் சீட்டு

கல்முனை,
8.8.1959

அன்பு மகன் ஜவுபருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். பட்டினசபைத் தேர்தலுக்கு நீ லீவில் வந்து நின்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சாப்பாட்டுச் சீட்டு நூற்றெண்பத்து நாலும் நேற்று ஜும்ஆவுக்குப் பிறகு என் கடை மேசைக்கு வந்து சேர்ந்தன. மற்றப்படி அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் சுகம், உன் சுகத்துக்குத் துஆச் செய்கிறோம், உம்மாவுக்கு முழங்கால் நோவு மட்டும் அப்படியே இருக்கிறது.

கொண்டுவந்தவர் சாப்பாட்டுக்கடை ஸைனுலாப்தீன். மருதமுனைக் கைத்தறிச் சாரனைச் சைக்கிளில் கட்டி நான் ஊர் ஊராக விற்றுத் திரிந்த காலத்திலிருந்தே எனக்கு மத்தியானச் சோறு அவருடைய கடையில்தான். கொழும்புக் கோட்டையில் நீ என்னை ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போய் மூன்று ரூபாய்க்குச் சூப்பு வாங்கித் தந்தாயே, அங்கே மேசையில் விரித்திருந்த துணியின் நெசவு நல்லது, அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஸைனுலாப்தீன் முக்கால் ரூபாய்க்குச் சோறும் ஈரல் கறியும் தந்து மேலே பிளேன்டீயும் வைப்பார், மேசைக்குத் துணியும் இல்லை, சில நாள் மேசைக்கு நாலாவது காலும் இல்லை.

அந்த மனிசன் நேற்று உட்காரக்கூட இல்லை. நம்மட புள்ளட கையெழுத்தெண்டுதானே காக்கா சோத்தப் போட்டேன், இப்ப பிரக்கிராசி என்னப் பாத்து நீ யாரெண்டு கேக்காரு என்று சொல்லி அழுதார். உன்னுடைய வேட்பாளர், கோர்ட்டில் வழக்குப் பேசுகிற பிரக்கிராசி முனாப், அவருக்குச் சொன்ன நியாயத்தைக் கேள். வோட்டுக்காரருக்குச் சாப்பாடு கொடுப்பது சட்டப்படி குற்றம், நான் காசு தந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும், ஆகவே தரமாட்டேன் என்றாராம். ஆட்கள் சாப்பிட்டபோது மறந்திருந்த சட்டம் காசு கேட்டபோது ஞாபகம் வந்திருக்கிறது. நூற்றெண்பத்து நாலு சோற்றுக்கு அவருக்கு விழுந்தது தொண்ணூற்றேழு வோட்டு. என் வோட்டு அவருக்கு இல்லை, யார் மிகக் குறைவாக ஆசை காட்டுகிறானோ அவனுக்குத்தான் நான் எப்போதும் போடுவது.

ஸைனுலாப்தீன் அந்த நூற்று முப்பத்தெட்டு ரூபாயை மகள் சுல்பிகாவின் கலியாண வீட்டுக்கு ஓடு வாங்க நம்பியிருந்தவர். சுவர் எழும்பிவிட்டது, கூரை இல்லை. மவுலூது மாதம் கலியாணம், கூரை ஏறாத வீட்டில் மாப்பிள்ளையைக் குடியிருத்த மாட்டோம் என்று பாலமுனையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்கள்.

உழைத்தால் வரி, சேர்த்து வைத்தால் வரி, இந்த வருஷத்திலிருந்து செலவழித்தாலும் வரியாம். செலவு வரி பெரிய பணக்காரருக்குத்தான், உங்களுக்கு எட்டாது முதலாளி என்று கணக்கப்பிள்ளை மஜீட் சொல்கிறான், இருபத்தைந்து வருஷம் உழைத்தவனிடம் சொல்லுகிற கதையா அது. உள்ளவனிடம் எடுத்து இல்லாதவனுக்குக் கொடுப்பது நீதி என்று போன காகிதத்தில் இந்த வரிகளைப் புகழ்ந்திருந்தாய். ஓம் மகன், நல்ல நீதி. நீயோ கூரைக்கு வைத்திருந்தவனிடம் எடுத்துக் கார் வைத்திருக்கிறவனுக்குக் கொடுத்திருக்கிறாய்.

நூற்றிருபது தந்தாலும் போதும் காக்கா என்றார் ஸைனுலாப்தீன். பழக்கத்தில் நூற்றுப்பத்துக்குக் கேட்க எனக்கு வாய் வந்தது. அப்போதுதான் சீட்டொன்றை எடுத்துப் பார்த்தேன். முதலாளிமாரை ஒழிக்க வேண்டும் என்று மாட்டுவண்டியில் ஏறிக் கத்திய என் மகன், கையெழுத்தின் கீழே, துணிக்கடை முதலாளி முத்தலிபின் மகன் என்று எழுதியிருக்கிறான். நூற்றெண்பத்து நாலிலும். ஸைனுலாப்தீன் பிரக்கிராசியையும் நம்பவில்லை, உன்னையும் நம்பவில்லை, அந்த வரியைத்தான் நம்பிச் சோறு போட்டிருக்கிறார். பேரம் பேசாமல் முழுக்காசையும் எண்ணிக் கொடுத்தேன், இன்று காலையில் ஓடு வண்டியில் ஏறிவிட்டது.

பசியில நிண்ட ஆக்களுக்குப் பாவம் பாத்துத்தான் புள்ள எழுதிக் குடுத்திருக்கும் என்று உம்மா சொல்கிறா. இருக்கலாம். அடுத்தமுறை உன்னுடைய சோற்றைக் கொடு. நேரத்துக்குத் தொழுது, வெயிலில் அலையாமல் உடம்பைப் பார்த்துக்கொள், அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் அதைவிட நீண்ட யோசனையும் தரட்டும். கலியாணத்துக்குக் கட்டாயம் வா, சுல்பிகாவின் வாப்பா உன்னைக் கேட்டார். நான் கொடுத்த சீட்டுக் காசுக்கு உனக்கும் எனக்கும் பேச்சு இதுதான்: மாதம் பதினொன்றரை ரூபாய், பன்னிரண்டு மாதம், வட்டி இல்லை, முதல் மணியோடர் இந்த மாதம் முடிய முன்னர் இங்கே வர வேண்டும்.

இப்படிக்கு,
சீட்டில் உள்ள முத்தலிப்,
உன் வாப்பா