என் கையிலிருந்த தாள்

ஸ்லிவென்
14 அக்டோபர் 1990

அன்புத் தோழி நெவெனாவுக்கு,

நான் நலம். நீயும் உன் மகளும் நலமாக இருக்க வேண்டும். வர்னாவில் இந்நேரம் கடற்காற்று ஆரம்பித்திருக்கும். முழங்காலைக் கம்பளியால் சுற்றி வை. இங்கே தெருவெல்லாம் குடைமிளகாய் சுடும் புகை. என் வீட்டுக்காரர் மெத்தோடி போய் ஐந்து ஆண்டாகிறது. எனக்கு இரண்டு கிலோ போதும். ஆனாலும் பழக்கத்தில் பத்து கிலோ வாங்கிவிட்டேன்.

உன் கடிதம் வந்து மூன்று வாரமாயிற்று. உன் படம் நவம்பர் மூன்றாம் தேதி எங்கள் பண்பாட்டு மன்றத்தில் மறுபடி திரையேறுகிறது என்று படித்ததும் துள்ளினேன். அன்று வெட்டியெறியச் சொன்ன காட்சியை, உன்கூடப் படத்தொகுப்பு அறையில் இருந்த பாவ்லினா எறியாமல், ஜிம்னாஸ்டிக்ஸ் செய்திப்படச் சுருளின் வாலில் ஒட்டி ஒளித்து வைத்திருந்தாளாமே! 'ஜிம்னாஸ்டிக்ஸை எவன் ரெண்டாந்தரம் எடுத்துப் பாக்கப் போறான்' என்றாளாமே! அந்தப் படத்தொகுப்பு அறையில் வெள்ளைக் கையுறை போட்டவர்கள் எல்லோரும் பெண்கள், திரையில் பெயர் வருபவர்கள் எல்லோரும் ஆண்கள் என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. பன்னிரண்டு ஆண்டு அவர்களுடைய படங்களை ஒட்டிக்கொடுத்த பிறகுதான் உனக்கென்று அரைமணிப் படம் ஒன்று கிடைத்தது.

படத்துக்கு முன்னால் நான் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். கீழே ஒரு வரி: 'அன்று உன் கையில் யாரோ ஒரு தாளைத் திணித்தார்கள் என்று எனக்குத் தெரியும், எனக்கு உன்மேல் வருத்தமே இல்லை.' அந்த வரியால்தான் பதில் இவ்வளவு தாமதம்.

அந்தப் படத்துக்காக நீ என் வீட்டில் ஒன்பது நாள் தங்கி நூற்பாலைப் பெண்களைப் படம் பிடித்தாய். கடைசி நாள் மாலை என் சமையலறையிலும் கேமரா ஓடியது. 'நீ பாட்டுக்கு உன் வேலையைப் பாரு, எங்களை மறந்துடு' என்றாய். நிஜமாகவே மறந்துவிட்டேன். கட்டுரை நோட்டுகள் மேல் தலை சாய்ந்து, சிவப்புப் பேனா கையில் இருக்க, அப்படியே தூங்கிப்போனேன். சூப் பொங்கியது. மெத்தோடி செய்தித்தாளை இறக்காமல், 'சூப் பொங்குது, யாராவது பாருங்க' என்றார். படமெடுத்த உங்களை விட்டால் அந்த வீட்டில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர்தான்.

மன்றத்தில் படத்தை முதன்முதலாகத் திரையிட்டபோது அதைப் பார்த்து நூற்பாலைப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தூங்குகிறவளைக் கேமரா விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தபோது சிரிப்பு அடங்கியது. முகம் தெரியவில்லை, கம்பளிச் சட்டையின் முழங்கையில் போட்ட ஒட்டு மட்டும் தெரிந்தது. என் பக்கத்தில் கின்கா, நெசவுப் பிரிவுக்காரி, குனிந்து என் கையைப் பார்த்தாள். 'தோழர் டீச்சர், இது உங்க சட்டைதானே? அட, அப்ப நீங்களும் நம்ம கேஸுதானா!' அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முன்வரிசையில் தலைமையாசிரியர் உட்கார்ந்திருந்தார். மாவட்டக் கௌரவப் பலகையில் சிறந்த ஆசிரியை என்று என் புகைப்படம் தொங்கிய ஆண்டு அது. சட்டையைக் கழற்றிச் சுருட்டி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

அப்போதுதான் பார்வையாளர் சார்பில் பேச என்னை அழைத்தார்கள். என் கையில் தாள் இருந்தது உண்மை. அதை யாரும் திணிக்கவில்லை, நெவெனா. அன்று காலை, 'உள்ளூர்க்காரங்க ஒருத்தர் நல்ல வார்த்தை சொன்னா படம் தப்பிச்சிடும்' என்று நீ கேட்டதற்காக நானே எழுதிய பாராட்டு அது. சிவப்பு மையில் எழுதினேன், கைக்கு அகப்பட்டது அந்தப் பேனாதான்.

அந்தத் தாளைப் பிரிக்காமலேயே பேசினேன். 'இப்படி ஒரு பெண்ணை எங்க ஊர்ல நான் பாத்ததே இல்லை. உழைக்கிற பெண்ணை இப்படிக் காட்டுறது அவமானம்' என்றேன். முதல் வரிசையில், படத்தை அனுமதிக்கலாமா என்று முடிவு செய்ய வந்த தணிக்கைக் குழுக்காரர் ஒருவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். கின்கா தட்டவில்லை. பிறகு நடந்தது உனக்கே தெரியும். முதலில் காட்சி போயிற்று, பிறகு படம் போயிற்று, நீ பழையபடி மற்றவர் படங்களை ஒட்டப் போனாய். இரண்டாவது படம் உனக்குத் தரப்படவேயில்லை.

வகுப்பில் ஒரு பையன் இருந்தான், மிரோன். பரீட்சையில் சரியான விடையை எழுதுவான். பக்கத்துப் பையன் எட்டிப் பார்த்தால் போதும், அழித்துவிட்டுத் தப்பாக எழுதுவான். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் அழித்த விடை தெரியும். 'ஏண்டா அழிச்சே?' என்று எத்தனை முறை திட்டியிருக்கிறேன்! அவனுக்காவது வயது பத்து. எனக்கு நாற்பத்து மூன்று.

இதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று உண்டு. மெத்தோடியின் இறுதிச் சடங்குக்கு வந்தபோது நீ என்னைக் கட்டிக்கொண்டு, 'பாவம்டி, அன்னைக்கு உன்னை என்ன பாடு படுத்தினாங்களோ' என்றாய். நான் உன் தோளில் தலை சாய்த்து அழுதேன். யாரும் என்னை ஒரு பாடும் படுத்தவில்லை என்று அப்போது சொல்லியிருக்கலாம். உன் இரக்கம் எனக்கு இதமாக இருந்தது, வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். மடிப்பில் கிழிந்திருக்கும், பார்த்துப் பிரி. நான் பேச வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் ஒரு வரி எழுது, கின்காவுக்குப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்துகொள்கிறேன். வேண்டும் என்றால், அந்தத் தாளை நீ வரும்போது கொண்டு வா. அதை வாசித்துவிட்டு, திரையில் தூங்குகிறவள் நான்தான் என்று சொல்லி உட்கார்ந்துவிடுவேன். சட்டை இன்னும் இருக்கிறது. ஒட்டைப் பிரித்துப் புதிதாகத் தைக்கலாமா என்று கின்காவைக் கேட்டேன். 'அதுல கை வச்சீங்கன்னா நான் உங்ககூடப் பேச மாட்டேன், டீச்சர்' என்றாள்.

சுட்ட மிளகாய் எட்டு ஜாடி இருக்கிறது. உனக்கென்று நான்கு எடுத்து வைத்திருக்கிறேன். வலியில்லாமல் வண்டியேறி, நல்லபடியாக வந்து சேர். என் வீட்டுக்கு வர மனமில்லை என்றாலும், மன்றத்துக்காவது வா.

உன் பதிலுக்காகக் கதவருகே நிற்கும்,
தோன்கா