ஆண்பிள்ளை தீர்ப்பு செல்லாது

கூஃபா நகரிலிருந்து.

அன்பு மகன் ஸுவைதுக்கு, இறைவனின் சாந்தி உன்மேல் இருக்கட்டும். இங்கே நானும் உன் உம்மாவும் கழுதையும் சுகம், உன் மச்சான் ஜுந்துப் சுகமா என்று கேட்காதே, அந்தக் கூத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஸிஃப்பீன் போரில் நீ திமிஷ்குப் படையில், அவன் கூஃபாப் படையில். சண்டையை நிறுத்தி, பக்கத்துக்கு ஒருவர் உட்கார்ந்து பேசித் தீர்க்கட்டும் என்று முடிவானதும் ஊரே அப்பாடா என்றது, நம் வீட்டில் இவன் மட்டும் கொதித்தான். இறைவன் தீர்க்க வேண்டியதை ஆண்பிள்ளைகள் கையில் கொடுத்தது பாவமாம். அந்த நேரம் பார்த்தா உன் தங்கை ருமைஸா உனக்கு அனுப்பப் பேரீச்சம்பழம் கட்ட வேண்டும்? திமிஷ்குக்காரனுக்குப் பழம் போகும் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்று அவன், அதே கோபத்தில் படையை விட்டுப் பிரிந்துபோனவர்களோடு ஊருக்கு வெளியே ஹரூராவில் கூடாரம் அடித்துவிட்டான். இவள் வயிற்றில் பிள்ளையோடு, கையில் குழம்புச் சட்டியோடு நம் வீட்டுக்கு வந்துவிட்டாள். பகலெல்லாம் அவனைத் திட்டுகிறாள், சோறு தண்ணீர் இறங்கவில்லை.

கோத்திரத்து வழக்கெல்லாம் தீர்த்தவன் நான் என்ற மிதப்பில் ஹரூராவுக்குப் போனேன். புருஷன் பெண்டாட்டி பிணங்கினால் அவன் பக்கம் ஒருவர், அவள் பக்கம் ஒருவர் வைத்துத் தீர்க்கச் சொல்லி வேதத்திலேயே இருக்கிறதே மாப்பிள்ளை என்றேன். தொழுது தொழுது நெற்றி காய்த்த பிள்ளை, "ஆம்பளைங்க சொல்ற தீர்ப்பு செல்லாது மாமா" என்றான். சுற்றி நின்றவர்களும் அதையே முழங்க, நான் வாலைச் சுருட்டிக்கொண்டு திரும்பினேன்.

இதைக் கேட்டதும் உன் உம்மா கழுதையை அவிழ்த்தாள். சம்பந்தியம்மாவையும் ஏற்றிக்கொண்டு ஹரூராவுக்கே போய்விட்டாள். அவர்கள் தீர்ப்பு இதுதான்: பிள்ளை பிறக்குமுன் அவன் வீடு வர வேண்டும், பழம் கட்டும் கையைத் தடுக்கக் கூடாது. அவன் வாயைத் திறந்திருக்கிறான். பெற்றவள் விடுவாளா?

"ஆம்பளை தீர்ப்புதானேடா செல்லாது? நாங்க ரெண்டு பேரும் ஆம்பளையா?"

சுற்றி நின்றவர்களே விலகி அவனுக்கு வழிவிட்டார்களாம். கழுதைக்குப் பின்னால் நடந்தே வந்து சேர்ந்தான். ருமைஸா சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.

தீர்ப்பில் உனக்கும் ஒரு பங்கு உண்டு மகனே. பிறக்கும் பிள்ளையின் வாயில் முதல் பழத்தை மென்று வைக்க வேண்டியவன் தாய்மாமனான நீதானாம், அதனால் உன் பழ மூட்டை இங்கேயே இருக்கிறது. ஊருக்காக உட்காரும் அந்த இருவர் என்ன சொல்வார்களோ, அதற்குமுன் வந்துவிடு. ஸிஃப்பீன் நடந்தபோது எந்தப் பக்கம் ஜெயிக்க துஆ கேட்பதென்று தெரியாமல் வெறுங்கையை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், இன்னொரு தடவை என்னால் ஆகாது.

இறைவன் உன்னைக் கண்ணாகக் காப்பான். வந்த இடத்தில் யார் பக்கம் நியாயம் என்று மட்டும் பேச்செடுக்காதே. ஜுந்துப் நேற்று அந்த மூட்டையை எலி கடிக்காமல் உயரத்தில் கட்டிவைத்தான்.

உன் வாப்பா,
ஹுரைஸ்