பத்து எண்ணும்வரை பேசக்கூடாது

அண்ணா,

இன்று காலை லேபில் கால் வைத்ததுமே அந்த வாடை. நைட்ரிக் அமிலமும் ஸ்பிரிட்டும் கலந்து மூக்கைத் துளைக்கிற அதே வாடை. ஆய்வு மாணவி ஒருத்தி, பளபளவென்று தேய்த்த எஃகுத் துண்டை அமிலத்தில் முக்கிவிட்டு மொபைலில் டைமர் பார்த்துக்கொண்டிருந்தாள். "வாய்விட்டு எண்ணும்மா" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

நீங்கள் வாய்விட்டுத்தான் எண்ணுவீர்கள். பத்து எண்ணி எடுத்தால் உலோகத்தின் உள்ளமைப்பு மைக்ரோஸ்கோப்பில் தெளிவாகத் தெரியும், அதற்குமேல் விட்டுவிட்டால் கருத்துப்போகும். "பத்து வர்ற வரைக்கும் யாரும் பேசக்கூடாது" என்பது உங்கள் சட்டம். கூடுவாஞ்சேரிப் பக்கம் தொழிற்சாலையில் வாரம் முழுக்க உழைத்துவிட்டு, சனிக்கிழமை தவறாமல் பகுதிநேர ஆய்வாளராக வந்து நிற்பீர்கள். "இன்னா டாக்டரம்மா, சாப்ட்டியா?" என்று, பட்டமே வாங்காத என்னைக் கேலி செய்வீர்கள்.

பாடங்களுக்கான கிரெடிட், தகுதித் தேர்வு, கருத்தரங்கு எல்லாம் நம் இருவருக்கும் முடிந்திருந்தன. ஆனால் எனக்கு நீட்டித்துக் கொடுத்த அவகாசத்தில் ஒரே ஒரு மாதம்தான் பாக்கி. கமிட்டி கேட்ட ஒரே ஒரு படத்தைச் சேர்த்து ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. நீங்கள் ஆய்வேடு கொடுக்க இரண்டாவது கட்டுரை வெளியாக வேண்டும். அதற்கும் ஒரு படம்தான் பாக்கி. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் முறை கிடைப்பதோ குதிரைக்கொம்பு. ரிஜிஸ்டரில் அந்த மாதம் ஒரு சனிக்கிழமை பத்து மணி எனக்கு, பன்னிரண்டு மணி உங்களுக்கு.

தப்பினால் வேறு முறை கிடையாது என்பதால் என் துண்டையும் நீங்கள்தான் அமிலத்தில் முக்கினீர்கள். ஏழு எண்ணியபோது என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஆபீஸ்ல என்ன பண்ணாங்க தெரியுமாண்ணா? ஃபார்ம்ல ஒரு கையெழுத்து இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க" என்று பொரிந்து தள்ளினேன். "அய்யய்யோ, யாரு கையெழுத்து?" என்று நீங்களும் திரும்பினீர்கள். எண்ணிக்கை போயே போச்சு. எடுத்தபோது துண்டு அடுப்புக்கரியாக இருந்தது.

நான் அழுதேன். நீங்கள் திட்டவேயில்லை. "அழுதா வெளுக்குமா? தள்ளு" என்று எமரித்தாளை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தீர்கள். துண்டு மறுபடி தயாரானபோது மணி பன்னிரண்டு. என் முறை போய்விட்டிருந்தது. ரிஜிஸ்டரில் உங்கள் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினீர்கள்.

"எனக்கு அடுத்த மாசம் பாத்துக்கலாம். நான் எங்க ஓடிடப்போறேன்?"

அடுத்த மாதம் மைக்ரோஸ்கோப் பழுது. அது சரியாவதற்குள், சிட்லபாக்கம் ஏரியோரம் நடந்துவிட்டு வந்தவர், வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

உங்கள் துண்டை நானே படமெடுத்தேன். கட்டுரை உங்கள் பெயரில் வெளிவந்தது. அதைத் தூக்கிக்கொண்டு, உங்களுக்குப் பட்டம் கொடுக்கச் சொல்லி யூனிவர்சிட்டி ஆபீஸில் போய்ச் சண்டை போட்டேன். "எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கு மேடம். ஆனா வாய்மொழித் தேர்வுக்கு அவரே வந்து நிக்கணுமே" என்றார் அங்கிருந்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. அவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

கட்டுரையை உங்கள் வீட்டில் கொடுக்கப் போனபோது, "இன்னும் என்னதான் பாக்கி இருந்துச்சு அவருக்கு?" என்று அண்ணி கேட்டார். ஒரு படம்தான் என்றேன். அது யாரால் தள்ளிப்போனது என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கு டாக்டர் பட்டம் வந்தது, தாம்பரத்துக் கல்லூரியொன்றில் வேலையும் வந்தது. அண்ணி வீட்டுப் பக்கம் போவதை மட்டும் குறைத்துக்கொண்டேன்.

இன்று அந்த மாணவி பத்து எண்ணி முடித்ததும் மனசு பொறுக்கவில்லை. சாயங்காலம் நேரே சிட்லபாக்கம் போய், ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன்.

"இது எனக்குத் தெரியாதா?" என்றார் அண்ணி. "அன்னிக்கே வந்து சொன்னாரு. 'எண்ணுறவன் நானு, நானே பேசிட்டேன். தப்பு என்னுது. அந்தப் பொண்ணு பாவம், பயந்துடுச்சு'ன்னாரு. உன்னைத்தாம்மா காணோமேன்னு இருந்துச்சு."

உங்கள் தட்டில்தான் எனக்குச் சாப்பாடு போட்டார், அண்ணா. சாப்பிட்டேன்.

நாளை லேபில் நானே முக்குவேன், நானே எண்ணுவேன். ஏழு வந்ததும் மட்டும், மேற்கொண்டு எண்ண உங்கள் குரல் வேண்டியிருக்கிறது.